சசிகலாவுக்கு வந்த மூன்று அட்டைகள்

வந்த பெண், ரேணுகாதேவி காட்டிய நாற்காலியில் உட்காரவில்லை. சுவரோரம் கிடந்த ஸ்டூலை இழுத்து, கதவைப் பார்த்த மாதிரி போட்டுக்கொண்டாள்.

"இங்க உக்காந்துக்கறேன் மேடம். பரவாயில்லீங்களா?"

ரேணுகாதேவி தலையசைத்தாள். பத்தொன்பது வருஷம் போலீசில் இருந்துவிட்டு ஏட்டாக வெளியே வந்தவள். ஆரணி மார்க்கெட் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கச் சொல்லி வருகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் யாரும் கதவுக்கு முதுகு காட்டப் பயந்ததில்லை.

"பேர்?"

"சசிகலா. முள்ளிப்பட்டு. அம்மா பட்டு நெய்யறாங்க. நான் ஜெயில் வார்டர் வேலைக்கு செலக்ட் ஆகியிருக்கேன். திங்கக்கிழமை ஜாயின் பண்ணணும்."

பக்கத்து மேஜையில் இருந்த ஜெயவேல் நிமிர்ந்தான். ரேணுகாதேவியின் ஒரே உதவியாளன். முப்பது வயது. வாயை வாடகைக்கு விட்டால் பிழைத்துக்கொள்வான் என்று அவளே அவனைப் பற்றிச் சொல்வாள்.

"ஜெயிலுக்கு ஆர்டர் வாங்கிகினு போறவங்கள பாத்திருக்கேன். சம்பளத்தோட போறவங்கள இப்பதான் பாக்கறேன்" என்றான்.

சசிகலா சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து மூன்று நீள அட்டைகளை எடுத்து மேஜை மேல் வைத்தாள். கெட்டிக் காகிதம். அதில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள்.

"ஜக்கார்டு அட்டை மேடம். தறிக்கு மேல மாலை மாதிரி கோத்துத் தொங்கவிட்டிருப்பாங்க. இந்த ஓட்டைங்க சொல்றபடிதான் புடவையில பூ விழும். பின்பக்கம் திருப்பிப் பாருங்க."

பின்பக்கம் நீல மையில் கொட்டை எழுத்துகள். ரேணுகாதேவி ஒவ்வொன்றாகப் படித்தாள்.

முதல் அட்டை: 'ஜெயில் வேலைக்குப் போகாதே.'

இரண்டாவது: 'முந்நூத்திப் பத்து பொம்பளைங்க. ஒரு ஷிப்டுக்கு ஆறு வார்டர். உன்ன யாரு காப்பாத்துவாங்க?'

மூன்றாவது: 'வேற ஊர் கேட்டு வாங்கிக்க. இல்லன்னா உங்கம்மா தறிக் குழியிலயே கிடப்பா.'

"மூணாவது எப்ப வந்துச்சு?"

"இன்னிக்குக் காலையில. அம்மா பால் வாங்கப் போய்ட்டு வந்தாங்க. நான் குளிச்சிகினு இருந்தேன். அஞ்சே நிமிஷம் மேடம். தறியில கட்டியிருந்த பாவு நூல் மொத்தத்தையும் கத்தியால அறுத்துப் போட்டிருந்தாங்க. அட்டை குழியில கிடந்தது. அம்மா கால் வெக்கிற இடத்துல." அவள் மறுபடி கதவைப் பார்த்தாள். "நான் இருக்கும்போதே வீட்டுக்குள்ள வந்துட்டுப் போயிருக்காங்க மேடம்."

ரேணுகாதேவிக்கு விஷயத்தின் முன்பாதி தெரியும். பேப்பரில் வந்திருந்தது. சிறைகளில் இடம் போதவில்லை, காவலர்களும் போதவில்லை என்று அரசாங்கம் புதிய சிறைகள் கட்டிக்கொண்டிருந்தது. ஆரணிக்கு வெளியே அறுநூறு பேர் தங்கும் அளவில் பெண்கள் சிறை ஒன்று தயாராகிவிட்டது. பழைய பெண்கள் சிறையில் இருப்பவர்கள் எல்லாரையும் இங்கே மாற்றப் போகிறார்கள். எண்பத்து நான்கு புது வார்டர்கள். சுற்றுவட்டாரப் பெண்களுக்கு முன்னுரிமை.

"முள்ளிப்பட்டுல இருந்து எத்தனை பேரு?"

"நான் ஒருத்திதான்."

ரேணுகாதேவி ஓர் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "இந்த ஓரத்து ஓட்டைங்க எதுக்கு?"

"கோக்கறதுக்கு."

"இத கோத்திருக்காங்களா?"

சசிகலா அட்டையை வாங்கி விரலால் தடவினாள். "இல்ல மேடம். கோத்திருந்தா நூல் தடம் விழும். தறியில ஓடினா எண்ணெய் ஏறிடும். இது ஓடவே இல்ல."

"அப்ப இது நெசவு வீட்டுல இருந்து வரல. அட்டை குத்தற வீட்டுல இருந்து வந்திருக்கு. உங்க ஊர்ல யாரு குத்தறாங்க?"

"கெங்கம்மா பெரிம்மா மட்டும்தான். மூணு வருஷம் முன்ன வெளியூர்ல இருந்து வந்தவங்க. ஆனா அவங்க ரொம்ப நல்லவங்க மேடம்."

"நம்ம தொழில்ல இந்த வார்த்தையக் கேட்டாலே எனக்கு வயித்தக் கலக்குது" என்றான் ஜெயவேல்.

ரேணுகாதேவி இரண்டாவது அட்டையைத் தட்டினாள். "புது ஜெயில் எவ்ளோ பெருசுன்னுதான் பேப்பர்ல போட்டான். பழைய ஜெயில்ல ஒரு ஷிப்டுக்கு எத்தனை வார்டர்னு போடல. இத எழுதினவங்க அங்க போய் வந்துகினு இருக்காங்க. மூணாவதப் பாரு. வார்டர் ஆகாதேன்னு சொல்லல. வேற ஊர்ல ஆகிக்கன்னு சொல்றாங்க. இந்த ஒரு ஜெயிலுக்குள்ள மட்டும் நீ வரக் கூடாது."

"ஏன் மேடம்? என்னால யாருக்கு இன்னா ஆகும்?"

"அதத்தான் கண்டுபிடிக்கணும்."

அவள் போனை எடுத்தாள். பார்த்திபன், அவளோடு வேலை பார்த்தவர், இப்போது சப்-இன்ஸ்பெக்டர். கைதியைச் சந்திக்கப் போவதை மனு பார்ப்பது என்பார்கள். முள்ளிப்பட்டிலிருந்து பழைய பெண்கள் சிறைக்கு மனு பார்க்கப் போகிறவர்கள் யார் என்று விசாரித்துச் சொல்லும்படி கேட்டாள். பிறகு சாவியை ஜெயவேலிடம் எறிந்தாள்.

"வேனை எடு."

வழியெல்லாம் சசிகலா பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு பைக் வெகுதூரம் பின்னால் வந்தது. அவள் ரேணுகாதேவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த பைக் ஒரு நெல் மிஷின் வாசலில் திரும்பிப் போய்விட்ட பிறகும் பிடி தளரவில்லை. ஜெயவேல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வேகத்தைக் கூட்டினான்.

முள்ளிப்பட்டில் மதியம் மூன்று மணிக்கு வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்டது. சசிகலாவின் வீட்டில் கேட்கவில்லை. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஜன்னல் வழியாக அவள் அம்மாவின் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. "வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு சொல்லிடு சசி" என்றார் உள்ளேயிருந்தே.

கெங்கம்மாளின் வீடு தெருக்கோடியில் இருந்தது. அதைத் தாண்டினால் வயல். வாசல் ஓரம் வீணான அட்டைகள் குவிந்து கிடந்தன. உள்ளே கூடத்தின் நடுவே அட்டை குத்தும் இயந்திரம். அதன் பின்னால் நாற்பது வயதுப் பெண்மணி. நெற்றியில் விபூதி, மூக்கு நுனியில் கண்ணாடி. அட்டையிலிருந்து உதிர்ந்த வட்டத் துண்டுகளைக் கொட்டாங்குச்சியில் அள்ளி, ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று கடை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது.

"வாடி கண்ணு" என்று கெங்கம்மாள் எழுந்து வந்து சசிகலாவின் கன்னத்தைத் தொட்டாள். "பாவ அறுத்துட்டாங்களாமே. அவன் கை விளங்குமா? உக்காருங்கம்மா, உக்காரு தம்பி. வெயில்ல வந்திருக்கீங்க."

மோர் வந்தது. ஜெயவேல் ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கினான். சசிகலா தன் டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டாள். விசாரணைக்குப் போன இடத்தில் எதையும் வாயில் வைப்பதில்லை என்பது ரேணுகாதேவியின் பழைய வழக்கம். டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"இந்த அட்டைங்க உங்களுதாம்மா?"

கெங்கம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "நான் குத்தினதுதான். தப்பாப் பூடுச்சுன்னா வாசல்ல போட்டுடுவேன். நீங்களே பாத்திருப்பீங்க. யாரு வேணா எடுத்துகினு போலாம்." பின்பக்கத்தைப் படித்தாள். "ஐயோ, இன்னா எழுத்து இது. பொம்பளப் புள்ளைய இப்பிடியா பயமுறுத்துவாங்க?"

பதிலில் குறை சொல்ல எதுவும் இல்லை. பிடித்து வந்த ஒரே நூலும் அறுந்துவிட்டது போலிருந்தது. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி கெங்கம்மாள் உள்ளே போனாள்.

"மேடம், ஒரு விஷயம் மட்டும் தெளிவாயிடுச்சு" என்றான் ஜெயவேல். "மோரு பிரமாதம்."

ரேணுகாதேவி குழந்தையைப் பார்த்தாள். "இது யாரு?"

"கனிமொழி பொண்ணு மேடம். கனிமொழி என்கூட பத்தாவது வரைக்கும் படிச்சவ. புருஷன் இல்ல. பாப்பாவுக்கு இதயத்துல ஓட்டை. பெரிம்மாதான் ஆபரேஷன் பண்ணிவெச்சு, கனிமொழிக்கு பெங்களூர்ல வேலையும் வாங்கிக் குடுத்தாங்க. போய் ரெண்டு வருஷம் ஆவுது."

"நடுவுல ஊருக்கு வந்தாளா?"

"இல்ல மேடம். லீவே கிடைக்கலையாம்."

ஜெயவேல் கொட்டாங்குச்சிக் கடை முன்னால் குந்தினான். "அரிசி கிலோ எவ்ளோ?"

"உனக்குத் தர மாட்டேன்" என்றது குழந்தை. "எங்கம்மாக்குதான்."

"உங்கம்மாதான் பெங்களூர்ல இருக்காங்களே."

"இல்ல. கண்ணாடி ஆபீஸ்ல இருக்கா. நான் பெரிம்மாகூட பஸ்ல போவேன். அம்மா எதிர்லயே உக்காந்துகினு போன்ல பேசுவா. கண்ணாடி இருக்கும். தொட முடியாது."

"பேங்கா இருக்கும். கேஷியர்..." என்று ஆரம்பித்தான் ஜெயவேல்.

"அங்க எல்லா அம்மாவும் ஒரே கலர் புடவைதான் கட்டியிருப்பாங்க. மணி அடிச்சா உள்ள பூடுவாங்க."

சமையலறையிலிருந்து, "பாப்பா, இங்க வா" என்று குரல் வந்தது. குழந்தை எழுந்து ஓடியது.

அந்த நேரம் ரேணுகாதேவியின் போன் அதிர்ந்தது. பார்த்திபனின் செய்தி. 'முள்ளிப்பட்டிலிருந்து ஒரே ஆள்தான். பெயர் கெங்கம்மாள். மனு பார்ப்பது அக்கா பாஞ்சாலையை. வெம்பாக்கம் பக்கம். ஆயுள் தண்டனை. மேல்முறையீடு தள்ளுபடியாகி ரெண்டு வருஷம் முன்பு சரணடைந்தவள். மாமியாரையும் கொழுந்தனையும் கொன்ற கேஸ்.'

'கெங்கம்மாள் வீட்டில்தான் இருக்கிறேன். உடனே ஆட்களோடு வாங்க' என்று பதில் அனுப்பினாள் ரேணுகாதேவி. சசிகலாவின் பக்கம் குனிந்து, குரலே எழாமல் பேசினாள்.

"கனிமொழி பெங்களூர்ல இல்ல. பாஞ்சாலைங்கற பேர்ல சரணடைஞ்சு ஜெயில்ல இருக்கா. முந்நூறு பேருக்கு ஆறு வார்டர் இருந்தா பேரத்தான் எண்ணுவாங்க, முகத்தப் பாக்க மாட்டாங்க. நீ உள்ள போனா மொத நாளே கண்டுபிடிச்சுடுவ. கெங்கம்மா உன்னப் பாத்து பயப்படல சசிகலா. நீ யாரப் பாத்துடுவியோன்னு பயம்."

சசிகலா சமையலறைப் பக்கம் பார்த்தாள்.

"அப்ப அசல் பாஞ்சாலை எங்க மேடம்?" என்றான் ஜெயவேல்.

போன் மறுபடி அதிர்ந்தது. மூன்று பேரும் படித்தார்கள். 'கேஸ் கட்டைப் பார்த்தேன். தங்கை கெங்கம்மாள் விசாரணை முடிவதற்கு முன்பே இறந்துவிட்டாள். உங்கள் எதிரில் இருப்பது யார்? அங்கே எதையும் சாப்பிடாதீர்கள். அந்த ரெண்டு பேருக்கும் மோரில்தான் பாஞ்சாலை பூச்சிமருந்து கலந்து கொடுத்திருக்கிறாள்.'

ஜெயவேல் தன் கையிலிருந்த காலி டம்ளரைப் பார்த்தான். இரண்டாவது டம்ளர். நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

"அந்தத் தம்பி குடிச்சது வெறும் மோருதான்" என்றது ஒரு குரல்.

சமையலறை வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று யாருக்கும் தெரியாது. முன்னால் குழந்தை. குழந்தையின் தலைமேல் அவள் கை. குழந்தையின் இரண்டு கைகளிலும் ஒரு சின்ன டம்ளர்.

"பாப்பா கையில இருக்கிறதுதான் வேற."

"பாஞ்சாலை" என்றாள் ரேணுகாதேவி.

"அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டு ரெண்டு வருஷமாச்சு. போனை கீழ வைங்கம்மா."

"குடிக்கட்டுமா பெரிம்மா?" என்றது குழந்தை.

"இரு கண்ணு. பெரிம்மா சொல்றேன்."

ரேணுகாதேவி போனைத் தரையில் வைத்தாள். அரிவாளோடு வந்தவனைப் பார்த்திருக்கிறாள், துப்பாக்கியைப் பார்த்திருக்கிறாள். ஒரு குழந்தை கையில் இருக்கும் டம்ளருக்கு எதிரே என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து ஓடினாலும் நான்கு எட்டு ஆகும். ஒரு மடக்கு குடிக்க அவ்வளவு நேரம் வேண்டாம்.

"சசி" என்றாள் பாஞ்சாலை, அதே கனிவான குரலில். "நான் உன்ன எத்தனை வாட்டி வேணாம்னு சொன்னேன். அந்த ஆர்டரை எடுத்துக் கிழி. நானும் பாப்பாவும் பஸ் ஏறிப் போய்டறோம். யாருக்கும் பேஜார் இல்ல."

சசிகலா எழுந்தாள். பையிலிருந்து வேலை உத்தரவை எடுத்தாள். இரண்டு வருஷம் படித்து, ஓடி, கயிறு ஏறி வாங்கிய காகிதம். அதை இரண்டாகக் கிழித்தாள். பிறகு நான்காக. முன்னால் போய் முழங்காலிட்டு, துண்டுகளைப் பாஞ்சாலையின் காலடியில் வைத்தாள்.

காகிதத்தில் அரசாங்க முத்திரை இருக்கிறதா என்று பாஞ்சாலை குனிந்து பார்த்தாள்.

சசிகலா தன் இரண்டு உள்ளங்கைகளையும் குழந்தையின் முன்னால் விரித்தாள். "பாப்பா, தட்டாமாலை சுத்தலாமா?"

குழந்தைக்கு அது போதும். டம்ளரை அப்படியே விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் சசிகலாவின் கைகளைப் பற்றிக்கொண்டது. டம்ளர் விழுந்து உருண்டது. சசிகலா ஒரே இழுப்பில் குழந்தையை மார்போடு அணைத்து, சுவர்ப் பக்கம் திரும்பி, தன் முதுகை மறைப்பாக்கிக் குறுகிக்கொண்டாள். ரேணுகாதேவி பாய்ந்து பாஞ்சாலையின் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துவிட்டாள். ஜெயவேல் ஓடிப்போய் வாசலை அடைத்து நின்றான்.

பாஞ்சாலை திமிறவில்லை. அந்தப் பிடியோடே இயந்திரத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அதுவும் வெறும் மோருதான்" என்றாள். "நான் வளத்த புள்ளைக்கு நான் விஷம் வெப்பேனா?"

அது உண்மையா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பார்த்திபன் வந்து இறங்கும்வரை சிந்தியதைத் தொட்டுப் பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை பழைய பெண்கள் சிறையில், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கனிமொழியை உட்கார வைத்தார்கள். சிறைக் கண்காணிப்பாளரம்மா பதிவேட்டோடு இந்தப்பக்கம் நின்றார்.

"உன் பேர் இன்னா?" என்று ரேணுகாதேவி கண்ணாடிக்கு இந்தப்பக்கப் போனில் கேட்டாள்.

"பாஞ்சாலை. வெம்பாக்கம்." மனப்பாடமாக வந்தது.

"பாஞ்சாலைய நேத்து பிடிச்சுட்டாங்க" என்றாள் ரேணுகாதேவி.

"எனக்கு யாரையும் தெரியாது. நான்தான் பாஞ்சாலை. எழுதியிருக்கே, பாருங்க." அவள் கண்கள் ரேணுகாதேவியைத் தாண்டி, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று தேடின. கேட்கக் கேட்க இன்னும் உறுதியாகப் பொய் சொன்னாள்.

ரேணுகாதேவி கதவைத் திறந்து சசிகலாவை உள்ளே அழைத்தாள். சசிகலாவின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

கனிமொழி எழுந்துவிட்டாள். "அவங்க எங்க?"

"லாக்கப்ல" என்றாள் சசிகலா போனை வாங்கி. "பாப்பா நேத்து ராத்திரி எங்கம்மாகிட்ட படுத்துகிச்சு. நல்லா சாப்பிட்டுச்சு. இனிமே அவங்க கைக்குப் போவாது கனி."

கனிமொழி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு கண்காணிப்பாளரம்மாவிடம் திரும்பி, தன் பேர், புருஷன் பேர், தெரு, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். "ரெண்டே மாசம், ஜாமீன்ல வந்துடலாம்னு சொன்னாங்கம்மா. பாப்பா ஆபரேஷனுக்காக ஒத்துகினேன். உள்ள வந்தப்புறம், வாயத் தொறந்தா பாப்பாவுக்கு மோர் கலக்குவேன்னு போன்ல சொன்னாங்க."

கண்காணிப்பாளரம்மா வெகுநேரம் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு பேராகப் பார்த்தார். பிறகு பதிவேட்டை மூடினார்.

ஆள்மாறாட்ட வழக்கில் கனிமொழிக்கு ஜாமீன் கிடைக்கப் பன்னிரண்டு நாள் ஆனது. சசிகலா உத்தரவின் நகலை வாங்கிக்கொண்டு அந்தத் திங்கட்கிழமையே வேலையில் சேர்ந்தாள்.

ஒரு மாதப் பயிற்சி முடிந்து, புதிய சிறை திறந்த அன்று காலை, பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. கைதிகளின் முதல் பஸ் உள்ளே வந்து நின்றது. ஒவ்வொருவரையும் பெயர் கேட்டு, போட்டோவோடு முகத்தைப் பார்த்து அனுப்புவது சசிகலாவின் வேலை. நாலு பேர் இறங்கினார்கள். ஐந்தாவதாக இறங்கியவளின் நெற்றியில் விபூதி இருந்தது.

அந்தப் பெண்மணி சசிகலாவின் காக்கி உடுப்பை மேலிருந்து கீழ் வரை பார்த்துப் புன்னகை செய்தாள்.

"பாப்பா ஒழுங்கா சாப்பிடறாளாடி கண்ணு?"

பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கவேண்டும் போலிருந்தது சசிகலாவுக்கு. திரும்பவில்லை. போட்டோவைப் பார்த்தாள். எதிரிலிருந்த முகத்தைப் பார்த்தாள். நெற்றி, கண், மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் பார்த்தாள்.

"பேரைச் சொல்லுங்க" என்றாள்.

புன்னகை மெல்ல அணைந்தது.

"பாஞ்சாலை."

சசிகலா பேருக்கு நேராக டிக் போட்டுவிட்டு, உள்கதவின் பூட்டைத் திறந்தாள்.